பழைய காரும் புதிய ஒயிலும்

பழைய காருக்கு சிந்தெற்றிக் ஒயில் ஊற்றினால் எஞ்சின் ஒழுகத் தொடங்கிவிடும் என்ற கருத்து நமது நாட்டில் ஏறத்தாழ ஒரு சட்டமாகவே நிலைபெற்றுவிட்டது. கராஜ்காரர்கள் சொல்கிறார்கள், உதிரிப்பாகக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள், வாழ்நாளில் ஒரு தடவையேனும் பொனற்றைத் திறந்து பார்த்திராதவர்களும் சொல்கிறார்கள். இதற்கு எதிர்முனையில், விலை கூடிய ஒயிலை ஊற்றினால் இருபத்தைந்து வருடப் பழைய எஞ்சினும் இளமை பெற்றுவிடும் என்று உறுதியளிக்கும் விற்பனையாளர்கள் நிற்கிறார்கள். இரு தரப்பினரது கூற்றிலும் சிறிதளவு உண்மை இருக்கவே செய்கிறது. ஆனால், இரண்டுமே வாகனச் சொந்தக்காரரைத் தவறான இடத்தில் பணம் செலவழிக்க வைக்கின்றன என்பதே எனது அபிப்பிராயம்.

அரசியல் எழுதுபவனுக்கு எஞ்சின் ஒயிலில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பழைய கார் என்பது இன்று இலங்கையில் அரசியலில் இருந்து பிரிக்கமுடியாத ஒரு விவகாரம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான கதவு மீண்டும் திறக்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்கவேண்டி வந்தது. திறந்தபோதிலும் வரிகளின் சுமை காரணமாகப் புதிய வாகனம் என்பது நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டாததாகவே இருந்தது. இடையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில், டொலர் ஒன்றின் பெறுமதி 200 ரூபாவில் இருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதியாகும் ஒயிலின் விலையும் அதனுடனேயே ஏறியது. விளைவாக, 1990களில் வந்த கொரோலாக்களையும் சனிகளையும் லான்சர்களையும் விற்றுவிட்டு வேறொன்று வாங்குவது என்ற பேச்சுக்கே பல குடும்பங்களில் இடமில்லாமல் போய்விட்டது. இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும். அந்த நிலையில் உள்ள ஒருவருக்கு, காரின் கீழே சீமெந்துத் தரையில் காலையில் தெரியும் கறுத்த வட்டம் சாதாரண விடயமல்ல.

சொல் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய்க்கு மசகெண்ணெய் என்ற நல்ல தமிழ்ச்சொல் உண்டு. ஆனால், நமது பத்திரிகைகளில் கச்சா எண்ணெய்க்கு 'மசகு எண்ணெய்' என்று எழுதும் வழக்கம் எப்படியோ வேரூன்றிவிட்டது. 'உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை உயர்வு' என்ற தலைப்பைப் படித்துவிட்டு எஞ்சின் ஒயிலை முன்கூட்டியே வாங்கி வைத்தவர்களும் இருக்கலாம். எனவே, குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக, மக்கள் சொல்வதைப் போன்று ஒயில் என்றே இங்கு எழுதுகிறேன்.

சிந்தெற்றிக் ஒயில் என்றால் என்ன என்ற கேள்விக்கான பதில் பலரும் நினைப்பதைப் போன்று தெளிவானதல்ல. எந்தவொரு எஞ்சின் ஒயிலிலும் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மிகுதி, அழுக்கு நீக்குவது, தேய்வைத் தடுப்பது போன்ற வேலைகளுக்கான சேர்மானங்கள். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து வகுதிகளாகப் பிரித்திருக்கிறது. முதல் மூன்றும் கச்சா எண்ணெயில் இருந்து சுத்திகரித்து எடுக்கப்படுபவை. நான்காவது, பொலி அல்பா ஒலிபின் என்ற, இரசாயன முறையில் கட்டியெழுப்பப்படும் திரவம். மற்றெல்லாம் ஐந்தாவது வகுதி. எசுத்தர்கள் அதில் அடங்கும். ஜெட் விமான எஞ்சின்களுக்காகப் பயன்பட்டு வந்த எசுத்தர் எண்ணெய்களில் இருந்து கார்களுக்கான ஒயிலை உருவாக்கிய ஆம்சொயில் 1972இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. மொபில் வன் 1970களின் நடுப்பகுதியில் வந்தது. அன்று சிந்தெற்றிக் என்றால் நான்காம், ஐந்தாம் வகுதிகள்தான்.

1990களின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. கஸ்ரோல் கம்பனி தனது சிந்தெற்றிக் ஒயிலில் மூன்றாம் வகுதி எண்ணெயைப் பயன்படுத்தத் தொடங்க, அதைச் சிந்தெற்றிக் என்று விளம்பரப்படுத்தக்கூடாது என்று போட்டிக் கம்பனியான மொபில் அமெரிக்காவின் விளம்பர ஒழுங்குமுறைச் சபையிடம் முறையிட்டது. 1999ஆம் ஆண்டில் தீர்ப்பு கஸ்ரோலுக்குச் சாதகமாக அமைந்தது. கடுமையான ஐதரசன் பதப்படுத்தலுக்கு உட்பட்டு மூலக்கூறுகளே மாற்றியமைக்கப்பட்ட எண்ணெயைச் சிந்தெற்றிக் என்று அழைப்பதில் தவறில்லை என்பதே அதன் சாராம்சம். அதன் பின்னர் ஏனைய கம்பனிகளும் அதே பாதையில் சென்றன. ஜேர்மனி போன்ற ஓரிரு நாடுகளில் மாத்திரமே முழுமையான சிந்தெற்றிக் என்ற சொல்லுக்குப் பழைய கண்டிப்பான அர்த்தம் நிலைத்திருக்கிறது. ஆகவே, நமது கடைகளில் 'புல்லி சிந்தெற்றிக்' என்ற பெயருடன் இருக்கும் போத்தல்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது, மிக நுணுக்கமாகச் சுத்திகரிக்கப்பட்ட கச்சா எண்ணெய்தான். அது தரம் குறைந்தது என்று நான் சொல்லவரவில்லை, நல்ல பொருள்தான். ஆனால், அது சீல்களைத் தின்றுவிடும் அந்நியத் திரவம் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பொலி அல்பா ஒலிபின் தனித்து நின்றால் சில வகை இறப்பர்களைச் சிறிது சுருங்கச் செய்யும். எசுத்தர் அதற்கு மாறாக இறப்பரை வீங்கச் செய்யும். ஆரம்ப காலத் தயாரிப்புகளில் இந்தச் சமநிலை சரியாக அமையாததால், கனிம எண்ணெய்க்குப் பழகிய சீல்கள் சுருங்கி ஒழுகின என்ற முறைப்பாடுகள் எழுந்தன. பின்னர் இரண்டையும் அளவாகக் கலந்து அந்தக் குறை தீர்க்கப்பட்டது. 2010இல் அறிமுகமான எஸ்.என். என்ற தரத்தில் சீல் இறப்பர்களுடன் ஒயில் ஒத்துப்போகிறதா என்ற பரிசோதனையும் சேர்க்கப்பட்டது. நோய் தீர்ந்து பல தசாப்தங்களான பிறகும் அதைப் பற்றிய வதந்தி மட்டும் நமது கராஜ்களில் உயிருடன் இருக்கிறது.

அப்படியானால், ஒயிலை மாற்றிய பிறகு சில கார்கள் உண்மையில் ஒழுகத் தொடங்குகின்றனவே, அது ஏன் என்ற கேள்வி எழும். கிராங்க் ஷாஃப்டின் இரு முனைகளிலும் கேம் ஷாஃப்டின் முனையிலும் இருக்கும் சீல்கள் பெரும்பாலும் இறப்பரால் ஆனவை. வால்வ் கவரின் கீழும் சம்பின் மேலும் இருக்கும் கஸ்கட் இறப்பராகவோ தக்கையாகவோ இருக்கும். இருபது, முப்பது வருடங்கள் எஞ்சினின் சூட்டில் வெந்த இறப்பர், தன்னை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மானங்களை இழந்து பேக்லைற் போல இறுகிவிடுகிறது. அந்த வெடிப்புகளில் பழைய ஒயிலின் கசடு களிமண் போல அடைத்துக்கொண்டு நிற்கிறது. அழுக்கு நீக்கும் வலிமை கூடிய புதிய ஒயில் அந்தக் களிமண்ணைக் கரைக்கும்போது ஓட்டை வெளிப்படுகிறது. சுவரில் இருந்த வெடிப்பைக் கலண்டர் மறைத்துக்கொண்டிருந்தது. கலண்டரை எடுத்தவரைப் பிடித்து வெடிப்பு உன்னால்தான் வந்தது என்று சொல்ல முடியுமா?

இதைவிட முக்கியமான இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சிந்தெற்றிக்குக்கு மாறுபவர்களில் அநேகர் ஒரே நேரத்தில் இரண்டு விடயங்களை மாற்றிவிடுகிறார்கள். நேற்றுவரை எஞ்சினில் இருந்தது 20டபிள்யூ-50 கனிம ஒயில். இன்று ஊற்றியது 5டபிள்யூ-30 சிந்தெற்றிக். பிந்திய எண் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் குறிப்பது. தரநிர்ணயத்தின்படி 50 என்றால் அதன் பாகுத்தன்மை 16.3 சென்ரிஸ்ரோக்ஸுக்குக் குறையக்கூடாது. 30 என்றால் 9.3க்கும் 12.5க்கும் இடையில் இருக்கவேண்டும். அதாவது, சூடான எஞ்சினுக்குள் முன்னர் இருந்ததில் அரைவாசியை விடச் சற்றே கூடிய தடிப்புள்ள ஒரு திரவத்தை விட்டிருக்கிறார்கள். தேய்ந்த சீலைக் கடந்து அது வேகமாக ஒழுகாமல் வேறென்ன செய்யும்? கனிம ஒயிலிலேயே 30ஐ ஊற்றியிருந்தாலும் ஒழுகியிருக்கும். பழி மட்டும் சிந்தெற்றிக் என்ற சொல்லின் தலையில் விழுகிறது.

இதனால் ஏற்படும் பாதிப்பு வெறும் வாதப்பிரதிவாதத்துடன் முடிவதில்லை என்பதற்கு ஒரு உதாரணத்தைக் கூறவேண்டும். வெள்ளவத்தையில் வசிக்கும் எனது நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். அவரிடம் 1990களின் பிற்பகுதியில் வந்த கொரோலா ஒன்று இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாட்கள் மனைவியைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதற்கு அந்தக் கார்தான் துணை. ஒரு சேர்விஸ் நிலையத்தின் ஆலோசனையின் பேரில் சிந்தெற்றிக் ஒயிலுக்கு மாறினார். மூன்று வாரங்களில் தரையில் ஒயில். ஓடும்போது எரிந்த நாற்றம். அதே இடத்துக்குத் திரும்பிச் சென்றபோது, ஒயில் சீல்களைப் பழுதாக்கிவிட்டது, எஞ்சினை இறக்கிப் பிரித்துச் செய்யவேண்டும் என்று சொல்லிச் சில இலட்சங்களுக்கு ஒரு மதிப்பீட்டையும் கொடுத்தார்கள். அவரது ஓய்வூதியத்தில் அது பல மாதங்களுக்குரிய தொகை. காரை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு முச்சக்கர வண்டியில் போவதென்று கணவனும் மனைவியும் ஏறத்தாழத் தீர்மானித்துவிட்டார்கள்.

தெஹிவளையில் ஒரு ஒழுங்கைக்குள் தனியாக வேலை செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டுமாறு நான் வற்புறுத்தினேன். அவர் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னர் அதைக் கழுவினார். அந்த ஒரு செயலிலேயே எனக்கு அவர் மீது நம்பிக்கை வந்துவிட்டது. இறுதியில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று: இறுகிப்போன வால்வ் கவர் கஸ்கட், டிஸ்ரிபியூட்டரின் அடியில் உள்ள ஓ றிங், கசடு அடைத்த ஒரு சிறிய வால்வும் அதன் குழாயும். எல்லாவற்றையும் பஞ்சிகாவத்தையில் ஒரே நடையில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வேலை பிற்பகலில் முடிந்தது. கியர் பொக்ஸ் பக்கம் உள்ள சீலில் சிறிது ஈரம் இருந்தது. "அது கிடக்கட்டும் ஐயா, கிளச் மாத்துற நேரம் பாப்பம்" என்று அவர் சொல்லிவிட்டார். இலட்சங்களுக்கும் சில ஆயிரங்களுக்கும் இடையில் இருந்தது ஒரு மனிதரின் பொறுமைதான்.

அவர் கழுவியதற்கான காரணத்தை விளக்கவேண்டும். ஒயில் ஒழுகும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றல்ல. மேலே வால்வ் கவரில் கசிவது எஞ்சினின் உடம்பு வழியே இறங்கி, ஓடும் காரின் காற்றில் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கியர் பொக்ஸ் பொருந்தும் இடத்தில் சொட்டும். கீழே இருந்து நிமிர்ந்து பார்ப்பவர், பின்பக்கச் சீல் போய்விட்டது என்பார். அந்தச் சீலின் விலை அற்பம். ஆனால் அதை மாற்ற கியர் பொக்ஸை இறக்கவேண்டும், கூலி அதில்தான். எனவே, எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து உலரவிட்டு, இருபது நிமிடம் ஓடிவிட்டு, மேலிருந்து கீழாகப் பார்க்கவேண்டும். ஈரம் தெரியும் மிக உயர்ந்த இடமே குற்றவாளி. சந்தேகம் தீராவிட்டால் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைத் தூவிவிட்டு ஓடினால் ஒயில் வந்த தடம் வெள்ளையில் கோடாகத் தெரியும். இரவில் காரின் கீழே ஒரு காட்போட் அட்டையை விரித்து வைத்தால் எந்தப் பக்கத்தில், எத்தனை சொட்டு என்பதும் கணக்கில் வந்துவிடும். இதற்கெல்லாம் எந்தக் கருவியும் தேவையில்லை. கழுவாமலேயே மதிப்பீடு கொடுப்பவரிடம் காரை விடவேண்டாம் என்பது எனது கண்டிப்பான ஆலோசனை.

மூன்றாவதாகச் சொன்ன அந்தச் சிறிய வால்வ் தனியாகக் கவனிக்கப்படவேண்டியது. எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் றிங்குகளைத் தாண்டிச் சிறிதளவு வாயு சம்புக்குள் இறங்கும். அதை உறிஞ்சி மீண்டும் எரிவதற்கு அனுப்புவதே இந்த வால்வின் வேலை. நமது மெக்கானிக்குகள் அதை பீ.சீ.வீ. வால்வ் என்பார்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அமுக்கம் ஏறும். சோற்றுப் பானையின் மூடியைக் கல் வைத்து அமர்த்தினால் நீராவி எங்கே பலவீனமோ அங்கே பீறிடுவதைப் போல, ஒயில் எல்லாச் சீல்களிலும் தள்ளப்படும். அந்த நிலையில் எத்தனை சீல்களை மாற்றினாலும் ஒழுக்கு நிற்காது. பெரும்பாலான பழைய கார்களில் அதைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தால் 'டிக் டிக்' என்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் புதியது போடவேண்டும். அதன் பின்னரும் எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் புகை பலமாக அடிக்குமானால், றிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். எஞ்சினைப் பிரிப்பது பற்றிய பேச்சுக்கு அப்போதுதான் நியாயம் பிறக்கிறது.

எல்லா ஒழுக்கையும் நிறுத்தியே தீரவேண்டும் என்ற அவசியமும் இல்லை. தரையில் ஓரிரு சொட்டு விழும் ஒரு காரை, வாரத்துக்கு ஒருதடவை டிப் ஸ்ரிக்கைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டலாம். ஆனால், மூன்று இடங்களில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. சூடான எக்ஸோஸ்ற் குழாயின் மீது விழும் ஒயில் முதலாவது. எரிந்த நாற்றம் அதன் எச்சரிக்கை, தீ அதன் முடிவாக இருக்கலாம். ரைமிங் பெல்ற்றின் மீது படுவது இரண்டாவது. ஒயில் பட்ட பெல்ற் இறப்பர் உரிந்து அறுந்தால் எஞ்சினின் வால்வுகளுக்கே ஆபத்து நேரலாம். கிளச் தட்டில் ஊறுவது மூன்றாவது. நமது வருடாந்தப் புகைப் பரிசோதனையில் இவற்றுள் எதையும் எவரும் பார்ப்பதில்லை. பின்குழாயில் வருவது சரியாக இருந்தால் சான்றிதழ் கிடைத்துவிடும்.

கடையில் போத்தலில் கிடைக்கும் ஒழுக்கு நிறுத்தும் மருந்துகள் பற்றிக் கேட்பவர்களுக்கு: அவை இறப்பரை வீங்கச் செய்து மென்மையாக்குபவை. இறுகத் தொடங்கிய சீலுக்குச் சில மாத ஆயுளைக் கொடுக்கலாம். வெடித்த சீலை ஒட்டவைக்கமாட்டா. அளவு மீறினால் நல்ல சீல்களும் கூழாகிவிடும். இதே குணத்தை அளவோடு சேர்த்துத் தயாரிக்கப்படும் 'ஹை மைலேஜ்' ஒயில்கள் பரவாயில்லை. 2000ஆம் ஆண்டில் வல்வொலின் கம்பனி முதன்முதலாக இந்த வகையைச் சந்தைப்படுத்தியது.

இனி, மாறுவதா, விடுவதா என்ற கேள்விக்கு வருவோம். சிந்தெற்றிக் ஒயிலின் புகழில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் சம்பாதித்தது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 0டபிள்யூ ஒயில் மறை 35 பாகையில் எஞ்சினைச் சுழலவிடுகிறதா என்று பரிசோதிக்கப்படுகிறது; 20டபிள்யூ கூட மறை 15 பாகைக்கு ஈடுகொடுக்கவேண்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அதிகாலையில் எவ்வளவு குளிர்ந்தாலும் 20 பாகைக்கு அங்கும் இங்கும்தான். நுவரெலியாவில் ஜனவரியில் புல்லில் உறைபனி படிவது உண்மை. அங்கும் 20டபிள்யூ தாராளமாகப் போதும். ஆகவே, குளிரில் உதவும் என்ற வாதத்துக்குக் கொடுக்கும் பணம் நமக்கு வீண்.

சூட்டில் உதவும் என்ற வாதம் வேறு. அதை நான் மதிக்கிறேன். காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு ஊர்ந்துகொண்டிருக்கும் காரில் கிலோமீற்றர் ஏறாது, ஆனால் எஞ்சின் மணிக்கணக்கில் வேகும். அந்தச் சூட்டில் கெடாமல் நிற்பதில் சிந்தெற்றிக் சிறந்தது; கசடும் குறைவு. ஆனால், அதன் விலைக்கு நியாயம் கிடைப்பது நீண்ட காலம் மாற்றாமல் ஓடலாம் என்பதில்தான். ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் ஒழுகும் காரில் நீண்ட காலம் என்ற கதைக்கே இடமில்லை. ஓட்டைப் பானையில் பன்னீரை ஊற்றுவதற்கு ஒப்பான செயல் அது. முதலில் கஸ்கட்டும் சீலும். பிறகு, கையில் பணம் இருந்தால் ஒயில். ஒழுகாத பழைய கொரோலாவுக்கு 10டபிள்யூ-40 செமி சிந்தெற்றிக் அல்லது நல்ல 15டபிள்யூ-40 கனிம ஒயிலைக் காலம் தவறாமல் மாற்றிவந்தால் அது என்னைவிட அதிக காலம் ஓடும்.

சிந்தெற்றிக்குக்கே மாறுவதென்று தீர்மானித்தவர்கள், எஞ்சின் கைநூலில் உற்பத்தியாளர் அனுமதித்த தடிப்பை விட்டு இறங்கவேண்டாம். முன்பு 40 ஊற்றியிருந்தால் சிந்தெற்றிக்கிலும் 40தான். ஒயில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். கரிய கசடு தடிப்பாகப் படிந்திருந்தால் அவசரப்படக்கூடாது. அந்தக் கசடு ஒரேயடியாகக் கழன்று சம்பில் ஒயிலை உறிஞ்சும் வலையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். பிளஷ் என்று சொல்லி ஊற்றும் திரவங்களை நான் நம்புவதில்லை. முதல் தடவை ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றரிலேயே ஒயிலையும் பில்ற்றரையும் மாற்றிவிடுவது அதைவிடப் பாதுகாப்பானது. ஒருமுறை சிந்தெற்றிக் ஊற்றினால் கனிம ஒயிலுக்குத் திரும்பமுடியாது என்பதும் கட்டுக்கதையே. தரச்சான்று பெற்ற ஒயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவையாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஒழுக்கு தாங்கமுடியாவிட்டால் தாராளமாகத் திரும்பலாம்.

2011 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமான அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களும் இன்று பழைய கார்கள் என்ற வரிசையில் வந்து நிற்கின்றன. அவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. 0டபிள்யூ-20க்காகவே உருவாக்கப்பட்ட எஞ்சின்கள் அவை. பழசாகிவிட்டதே என்று அவற்றுக்குத் தடித்த ஒயிலை ஊற்றும் கராஜ்களும் கொழும்பில் இருக்கின்றன. அது எதிர்த்திசையில் செய்யும் தவறு.

மறுமுனையில், மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ நாற்பதுகளும். நமது தீவில் இவற்றுக்கு உள்ள மதிப்பு தனியானது. 1990களில் இங்கு செய்த மொரிஸ் மைனர் பாகங்கள் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாகின. 1958இல் எந்த எழுத்துக்கு எதிராகப் போராட்டம் நடந்ததோ, அந்தச் சிங்கள 'ஸ்ரீ' எண் தகட்டுடன் யாழ்ப்பாண வீதிகளில் இன்றும் ஓடுகின்ற வாகனங்கள் அவை. மொரிஸ் மைனர் தவுசண்டின் எஞ்சினில் பின்பக்கம் இறப்பர்ச் சீல் என்று ஒன்று கிடையவே கிடையாது. சுழலும்போது ஒயிலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் திருகுச் சுரை போன்ற ஒரு வெட்டு மாத்திரமே உண்டு. கார் நின்றுவிட்டால் அது எதையும் தடுக்காது. சில சொட்டு விழும், அது பிறவிக்குணம். மெல்லிய சிந்தெற்றிக்கை ஊற்றினால் சொட்டு ஓட்டமாகிவிடும். அவற்றுக்கு 20டபிள்யூ-50 கனிம ஒயிலே உகந்தது. 1990களின் முதற்பாதியில் வடக்கில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில், ஸ்ராற் செய்வதற்கு மாத்திரம் சில துளி பெற்றோலைக் காட்டிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் அவை. எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைக் கடந்து சம்புக்குள் இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்தது. ஒயில் நாளுக்கு நாள் 'ஏறுகிறதே' என்று டிப் ஸ்ரிக்கைப் பார்த்து வியந்தவர்களும் உண்டு. அதையும் தாங்கிய எஞ்சினுக்கு இன்று விலை கூடிய போத்தல் எதற்கு?

ஆனால், சொட்டு விழும் இடத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தவர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். மேலே விழுவது கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிட்டது. கார் ஒன்றின் சொட்டை அதனுடன் ஒப்பிடமுடியாதுதான். ஆயினும், ஒவ்வொரு சேர்விஸின் போதும் கழற்றும் மூன்று, நான்கு லீற்றர் கழிவு ஒயில் எங்கே போகிறது என்று கேட்டுப் பார்த்தால் பதில் பெரும்பாலும் வேலிக் கதியாலுக்கும் கறையான் பிடித்த தூணுக்கும் என்றோ, பின்பக்கக் கான் என்றோதான் வரும். பரல்களில் சேர்த்துக் கொடுத்தால் விலைக்கு எடுப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் நிற்கும் மொரிஸ் மைனருக்குக் கீழே மரத்தூள் பரப்பிய ஒரு தகரத் தட்டை வைத்தால் போதும். தூள் கறுத்ததும் மாற்றிவிடலாம்.